உப்புத் தண்ணியும் என் கையும்

குழந்தை "எரியுதும்மா" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகும் நான் ஏன் தேய்த்துக்கொண்டே இருந்தேன்? மூன்று வருஷமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். ஏதாவது ஒரு பதில் தோன்றுகிறது. பெரியவர்கள் சொன்னதைத் தட்டக் கூடாது என்றிருந்தேன், குளிக்கும்போது குழந்தைகள் அழுவது வழக்கம்தானே என்று நினைத்தேன், இப்படி. மறுநாள் காலையில் அந்தப் பதில் எதுவும் நிற்பதில்லை.

நான் வேதியியலில் பட்டம் வாங்கியவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இனி எழுதப்போவதற்கெல்லாம் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை.

பீளமேட்டில் ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வீடுகள். அதில் மூன்றாவது வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். காம்பவுண்டில் தண்ணீர் இரண்டு வகை. போர்வெல்லில் இருந்து மேல்தொட்டிக்கு ஏறி வருவது உப்புத் தண்ணி. எப்போது திறந்தாலும் வரும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் அதுதான். வாசலில் உள்ள பொதுக் குழாயில் எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை வருவது நல்ல தண்ணி. வீட்டுக்குப் பத்துக் குடம். சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றிக் கோயமுத்தூர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் லேசில் விடமாட்டார்கள். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் தவிர அதை வேறெதற்கும் தொடக் கூடாது என்பது எங்கள் காம்பவுண்டின் எழுதாத சட்டம். நல்ல தண்ணீரில் கால் கழுவிய ஒரு மருமகளைப் பற்றி, அவள் வீடு மாறிப் போன பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த மருமகளாகிவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தேன். புளி போட்டு விளக்கிய பித்தளைக் குடங்களில் நல்ல தண்ணீரைப் பிடித்து, தட்டுப் போட்டு மூடி, சமையலறைச் சுவரோரம் வரிசையாக வைத்திருப்பேன். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ளைன்னே தெரியலீங்க, எத்தனை பாந்தமா வெச்சிருக்குது" என்பார்கள். அந்தச் சொல் எனக்கு இனித்தது.

மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் வறண்ட பனிக்காற்று வீசத் தொடங்கியது. எல்லோர் வீட்டிலும் தேங்காயெண்ணெய் உறைந்து பாட்டிலுக்குள் வெள்ளையாக நின்றது. காம்பவுண்டுச் சுவர்மேல் ஆறு வீட்டு எண்ணெய்ப் பாட்டில்களும் வெயிலுக்கு வரிசை கட்டி நிற்கும். எனக்கும் உதடு வெடித்தது, குதிகால் பிளந்தது. இதெல்லாம் வருஷா வருஷம் நடப்பதுதானே என்று நான் பொருட்படுத்தவில்லை.

மகளின் முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்தது போல இருந்தது. ஒருநாள் மத்தியானம் அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, தன் காலிலேயே நகத்தால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்த இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. நான் அப்போதுதான் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தேன். அவள் தன் காலில் 'ட' போட்டிருந்தாள். அடுத்த காலில் 'ப' போட்டாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்ததோடு விடாமல், பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, "பாருங்கக்கா, சிலேட்டே வேண்டாமாட்ட இருக்குது எம் புள்ளைக்கு" என்று காட்டி வேறு பெருமைப்பட்டேன். அதை நினைக்கும்போது இப்போது வாய் கசக்கிறது.

பத்து நாளில் முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்பக்கமும் சிவந்தது. தூக்கத்தில் சொறிந்துகொள்வாள் போல. காலையில் படுக்கை விரிப்பில் பொட்டுப் பொட்டாக ரத்தம் இருக்கும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் குழந்தையைக் கொஞ்சுகிற சாக்கில் அவள் கையைத் தடவிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பதிலாகத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்தச் சமயத்தில்தான் என் கணவரின் அக்கா வந்தார். நங்கை என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். தொண்டாமுத்தூரில் அவர்களுக்குத் தென்னந்தோப்பு உண்டு. சொந்தக் காயில் ஆட்டிய எண்ணெய் ஒரு கேன், தேங்காய் ஒரு மூட்டை, முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் நாலைந்து என்று பஸ்ஸில் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்ததுமே முகம் மாறிவிட்டது.

"ஏங் கண்ணு, புள்ளைய நீ தேச்சே குளிப்பாட்டறதில்லையா? பலாக்காயத் தடவுற மாதிரி இருக்குது கையி."

"தேய்க்கறேனுங்க நங்கை."

"தேச்சா இப்படி இருக்குமா? பொருக்கு ஏறிக் கெடக்குது. பழைய தோல் போனாத்தான புதுத் தோல் வரும். ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கறப்ப செவுத்தச் சொரண்டித்தான அடிக்கறம்?"

"அழுவறாளுங்க."

"அழுதாப் போகுது. நாளைக்கு இவ பெரிய மனுசியாகி, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்து உக்காந்தா, அப்ப நீ அழுவோணுமா?"

மூன்று வயதுக் குழந்தைக்கு மாப்பிள்ளை வீட்டார் எங்கிருந்து வந்தார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று சாயங்காலமே பீர்க்கங்காயை உடைத்து, விதையை உதிர்த்து, நாரைத் தண்ணீரில் ஊறப்போட்டேன்.

மறுநாள் நங்கை குளிப்பாட்டிக் காட்டினார். குளிர்காலம் என்பதால் அண்டாவில் ஆவி பறக்கக் காய்ச்சிய தண்ணீர். முதலில் உடம்பெல்லாம் எண்ணெய். பிறகு பாசிப்பயறு மாவைக் குழைத்துப் பூசி, எண்ணெய் முழுக்கப் போகும் வரை நாரால் தேய்த்தார். குளித்த பிறகு எண்ணெயோ களிம்போ தொட்டு வைக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. குளித்த உடம்பில் பிசுக்கு இருக்கக் கூடாது, தூசி ஒட்டும், துணி கறையாகும். துவட்டி முடித்தபோது மகளின் கால் இரண்டும் ரோஜா நிறத்தில் பளபளத்தன. தடவிப் பார்த்தேன். மெழுகு போல இருந்தது. அத்தனை நாளும் ஒரு பெரிய வேலையைச் செய்யாமல் விட்டிருந்தேன் என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அந்தப் பளபளப்பு இரண்டு மணி நேரம்கூட நிற்காது. அதற்குள் தோல் இழுத்துப் பிடித்து, பழையபடி வெளுத்து, முன்னைவிட மோசமாகச் சொறிவாள். அதற்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது: இன்னும் பழைய தோல் மிச்சம் இருக்கிறது, தேய்த்தது போதவில்லை. நங்கை ஊருக்குப் போன பிறகு ஒரு வேளைக் குளியலை இரண்டு வேளையாக்கினேன். காலையில் மாவு, சாயங்காலம் சோப்பு. நார் நைந்துபோனதும் புதிதாக ஒன்றை உடைத்தேன். அவர் சொன்னதற்கு மேலேயே செய்தேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஐந்து கணக்குக் கொடுத்தால் எட்டு போட்டுக்கொண்டு போகிறவள் நான்.

"எரியுதும்மா."

"கண்ணுல மாவு போயிருக்கும். இறுக்கி மூடிக்கோ."

"கண்ணு இல்லம்மா. காலு எரியுது."

"ஆச்சு சாமி. இந்தக் காலு மட்டும்."

அவள் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்று அழுவாள். நான் ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தேய்ப்பேன். என் கை தளர்ந்ததே இல்லை.

பொங்கலுக்குத் தொண்டாமுத்தூர் போனோம். ஐந்து நாள் இருந்தோம். அந்த வாரம் மலையடிவாரத்தில் இருந்து யானைகள் தோப்புப் பக்கம் இறங்கியிருந்தன. காவல்காரர் வந்து பார்த்துவிட்டுச் சொல்லும் வரை காலையில் யாரும் கிணற்றடிக்குப் போவதில்லை. அதனால் குழந்தைகள் குளிப்பது உச்சி வெயிலில். மோட்டாரைப் போட்டதும் குழாயில் இருந்து கொட்டும் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். தொட்டிக்குள் நாலு குழந்தைகள் குதித்து, முங்கி, ஐந்து நிமிஷத்தில் பசிக்கிறது என்று ஏறி ஓடிவிடும். சோப்புப் போடக்கூட ஒருவரும் சிக்க மாட்டார்கள். நங்கையும் நானும் அடுப்படியில் இருந்ததால் தேய்க்கவும் ஆளில்லை. ஈரத் தலையோடு வருகிற பிள்ளைகளை இழுத்து வைத்து, எண்ணெய்க் கையோடு இருக்கிற யாராவது முகம் கை கால் எல்லாம் ஒரு தடவு தடவி விடுவார்கள்.

நாலாம் நாள் மகளின் காலைப் பார்த்தேன். முழங்காலுக்குப் பின்னால் இருந்த சிவப்பு வெளிறியிருந்தது. சொறிந்த இடங்கள் காய்ந்திருந்தன. நம்ப முடியாமல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நங்கையும் பார்த்தார்.

"பாத்தியா அம்மணி? நாலு நா என்ற கையில இருந்தா எப்படித் தேறிருச்சு பாரு. கைராசின்னு ஒண்ணு இருக்குதுல்ல."

நான், "ஆமாங்க நங்கை" என்றேன். அவர் அந்த நாலு நாளில் ஒருமுறைகூட அவளைக் குளிப்பாட்டவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. என் கையில் ஏதோ குறை இருக்கிறது என்பது மட்டும்தான் உறைத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் தூங்கிவிட்டாள். என் கணவர் அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்காகிட்டயே உட்டுட்டு வந்திருக்கலாமாட்ட இருக்குது" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

"உட்டுட்டு வந்திருக்கலாமுங்க. நீங்களும் கூடவே இருந்திருந்தா எனக்கு ரெண்டு பேருக்குத் துணி தொவைக்கற வேலை மிச்சம்."

"சும்மா சொன்னேன் புள்ள."

"நானும் சும்மாத்தானுங்க சொன்னேன்."

காந்திபுரத்தில் மகளை நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே எல்லாம் திரும்ப வந்துவிட்டது. இந்தத் தடவை முழங்கை மடிப்பில் தோல் வெடித்து நீர் கசிந்தது. நான் பயந்துபோனேன். பயம் வந்தால் எனக்கு வேலை செய்யத் தோன்றும். அந்தச் சனிக்கிழமை வீட்டையே கழுவினேன். குளிக்கத் தண்ணீர் காய்ச்சுகிற அண்டாவைக் கவிழ்த்து வைத்து, உள்ளே படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைச் ஒரு கூரான கல்லால் பெயர்த்துக்கொண்டிருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை செய்கிற வேலைதான். ஓட்டுச் சில் போலத் தகடு தகடாக வரும். மகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, விழுந்த துண்டுகளைப் பொறுக்கி அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் காலும் அந்தத் துண்டுகளும் ஒரே நிறத்தில் இருந்தன.

கல் என் கையிலேயே நின்றுவிட்டது.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் கடின நீர்ப் பரிசோதனை இருந்தது. கண்ணாடிக் குழாயில் இருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் இருக்கிற திராட்சைச் சிவப்பு நீலமாக மாறும் கணத்தில் நிறுத்த வேண்டும். எங்கள் வகுப்பில் அதை இம்மி பிசகாமல் நிறுத்துகிறவள் நான்தான். கடின நீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து பிசுபிசுவென்று படியும் என்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சிக் குழந்தைமேல் ஊற்றினேன். அதில் நுரைக்காத சோப்பை நுரைக்கும் வரை தேய்த்தேன். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் பருப்புக்கு என்று நல்ல தண்ணீரை அளந்து ஊற்றுவேன். பருப்புக்குக் கொடுத்த தண்ணீரைப் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

அன்றைக்கு மனசு அடித்துக்கொண்டாலும், உள்ளுக்குள் ஒரு ஆறுதலும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. தண்ணீர்தான் காரணம் என்றால் என் கை காரணம் இல்லை.

மறுநாளில் இருந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ஒரு குடம் நல்ல தண்ணீரில் மகளைக் குளிப்பாட்டினேன். திருட்டு வேலை செய்கிறவளைப் போல இருந்தது. ஊற்றுகிற சத்தம்கூட வேறு மாதிரி கேட்டது. சோப்பு தொட்டவுடன் பொங்கிக்கொண்டு வந்தது. மகள் நுரையைக் கையில் அள்ளி ஊதினாள். நான் நாரை விடவில்லை. தண்ணீர் சரியாகிவிட்டது, இனி தேய்த்தால் சீக்கிரம் போய்விடும் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கூப்பிட்டார்.

"ஏனுங் அம்மணி, செத்த வெளிய வாங்க."

போனேன். எங்கள் ஆறு வீட்டுத் தண்ணீரும் ஒரே சாக்கடையில்தான் போகும். அவர் குனிந்து கையைக் காட்டினார். எங்கள் வீட்டுக் குழாய் வாயில் நுரை குப்பென்று பொங்கி, சாக்கடை நெடுக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

"போர்த் தண்ணியில நான் முக்கா சோப்பு கரைச்சாலும் இத்தினிக்கூண்டு நொரை வராது. உங்கூட்டுல பாலாறு ஓடுது. எந்தக் கடையில சோப்பு வாங்குனீங்?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லை. மகளைக் கூப்பிட்டு, பாவாடையைச் சற்றுத் தூக்கி முழங்காலின் பின்பக்கத்தைக் காட்டினேன். அக்கா குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ற பெரியவனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. போர்த் தண்ணியிலதான் வளந்தான். தானாப் போயிருச்சு."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணுல. எனக்கு எங்க நேரம்? அப்பெல்லாம் காலையில மில்லுக்குப் போனா பொழுதுக்கும் வர மாட்டேன். அவன் அவம்பாட்டுக்குக் கெடந்தான். நீங்க பாத்துக்கிட்டே இருக்கறீங்க அம்மணி, அதான் அது போவ மாட்டீங்குது."

காம்பவுண்டில் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவராகவே சொன்னார். இரண்டு நாளில் ஆறு வீட்டுக்கும் தெரிந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. அடுத்த முறை தண்ணீர் வந்தபோது என் குடங்களை மட்டும் இரண்டு பேர் சத்தமாக எண்ணினார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு என் கணவர் கம்பெனி கேன்டீன் குழாயில் இரண்டு பிளாஸ்டிக் கேன்களில் பிடித்து மொபெட்டில் கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார். காரணம் கேட்கவில்லை. கேனை இறக்கி வைக்கும்போது, "உங்க பொண்ணுக்கு அபிஷேகத் தண்ணி வந்திருச்சுங்க" என்பார்.

தண்ணீர் மாறி இரண்டு வாரமாகியும் முழங்கை மடிப்பு ஆறவில்லை. கடைசியில் டாக்டரிடம் போனோம். வயதில் என்னைவிட நாலைந்து வருஷம்தான் பெரியவராக இருப்பார், ஒரு பெண் டாக்டர். நான் நோட்டில் குறித்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன்: எந்தத் தேதியில் ஆரம்பித்தது, என்ன தண்ணீர், கடினத்தன்மை, அண்டாவின் பொருக்கு. அவர் பொறுமையாகக் கேட்டார். "தண்ணியும் ஒரு காரணமா இருக்கலாம்மா" என்றார். அப்புறம் என்னை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"யாரு பாப்பாவக் குளிப்பாட்டறாங்க?"

"அம்மா."

"அம்மா எப்படித் தேய்ப்பாங்க? செஞ்சு காட்டு பாக்கலாம்."

மகள் மேஜையைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். பேனா வைக்கிற டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் இருந்தது. அதை எடுத்தாள். இடது கையால் மேஜை விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு, தோள் குலுங்க, ரப்பரால் மேஜையைத் தேய்த்தாள், தேய்த்தாள், ரப்பர் பொடியாகி உதிரும் வரை தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, "ஆச்சு சாமி, ஆச்சு சாமி" என்றாள்.

உதட்டைக் கடிப்பது என் பழக்கம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மகளின் கையில் இருந்து ரப்பரை மெதுவாக வாங்கி வைத்தார். "பொருக்கு அழுக்கு இல்லம்மா" என்றார். "அது காஞ்சு போன தோல். தோல்ல இயல்பாவே கொஞ்சம் எண்ணெய்ப்பசை இருக்கும். குளிர்காலத்துல அது ஏற்கெனவே கம்மி. சுடுதண்ணி ஊத்தி, மாவு போட்டு, நாரால எடுத்தா மிச்சம் இருக்கறதும் போயிடும். அது மேல காத்துப் பட்டா எரியாம என்ன செய்யும்?"

பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். ஒரு வேளைக் குளியல் போதும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், ஐந்து பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். நாரையும் மாவையும் தூக்கிப் போட வேண்டும். சோப்பு, அழுக்குச் சேர்கிற இடங்களுக்கு மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன்பே பெட்ரோலியம் ஜெல்லியைப் பூச வேண்டும். குளிக்கும் முன் தடவி அலசி விடுகிற எண்ணெயால் தோலுக்குப் பயனில்லை, குளித்த பின் பூசுவதுதான் நிற்கும். ஸ்வெட்டர் போடுவதாக இருந்தால் உள்ளே பருத்திச் சட்டை. நகத்தை ஒட்ட வெட்டி வைக்க வேண்டும். கசிகிற இடத்துக்குச் சில நாளைக்கு மட்டும் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

ஒன்றுகூட விடாமல் செய்தேன். ஒரு வாரத்தில் வெடிப்புகள் மூடின. மாசி பாதியில் முழங்காலுக்குப் பின்னால் லேசான நிற மாற்றம் மட்டும் மிஞ்சியது. ஆனால் அதற்குள் வெயிலும் வந்துவிட்டது. நல்ல தண்ணீரா, நாரை விட்டதா, ஜெல்லியா, பனி போனதா, எது ஆற்றியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் மகனைப் போலத் தானாகவே போயிருக்குமோ என்றும் தோன்றும். அப்படியானால் அந்த இரண்டு மாத அழுகை எதற்கு?

நங்கை இப்போதும் கேட்பார். "நார் போட்டுத் தேய்க்கறயா கண்ணு?" நான், "தேய்க்கறேனுங்க" என்பேன். பொய் சொல்லவும் கற்றுக்கொண்டேன். அவர் அனுப்புகிற பீர்க்கங்காய் நாரில் பாத்திரம் விளக்குகிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த மார்கழியில் அவர் எங்கள் வீட்டில் மூன்று நாள்தான் இருந்தார்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள், வாயும் அதிகம். ஆனால் நான் ஜெல்லி டப்பாவோடு பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். தாழ்ப்பாளைப் பிடிப்பதில்லை, அழுவதில்லை. நேராக நிமிர்ந்து நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நான் முடிக்கும் வரை மூச்சை அடக்கிக்கொள்வாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் போன வருஷம் டப்பாவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். "நானே வெச்சுக்கறேன்" என்று குளியலறைக்குள் எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அப்பா பூசிவிட்டால் ஒன்றும் சொல்லாமல் காட்டுகிறாள், ஆனால் அவர் கிளம்பிய பிறகுதான் அவள் குளிக்கிற நேரம் வரும். கைக்கு எட்டுகிற இடமெல்லாம் நன்றாகத்தான் பூசிக்கொள்கிறாள். முழங்காலுக்குப் பின்னாலும் முதுகிலும் சரியாகப் படுவதில்லை.

இந்த வருஷம் மழை சீக்கிரமே நின்றுவிட்டது. போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் சாக்ஸைக் கழற்றும்போது பார்த்தேன். முழங்காலுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வெளுத்து, ஒரு கோடு வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. "எரியுதா?" என்று கேட்டேன். "இல்ல" என்றாள். எரியாமல் இருக்காது என்று எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது.

டாக்டரிடம் கேட்டால் களிம்பைப் பற்றித்தான் சொல்வார். நங்கையிடம் கேட்க முடியாது. பக்கத்து வீட்டு அக்கா, பார்க்காமல் இருங்கள் என்பார். அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். உங்கள் பிள்ளைகளில் யாராவது, நீங்கள் நல்லதற்கென்று செய்த ஒன்றால் உங்கள் கைக்குப் பயந்து, பிறகு அந்தப் பயம் தெளிந்ததுண்டா? தெளிந்தது என்றால் நீங்கள் காத்திருந்தீர்களா, அல்லது வேறு ஏதாவது செய்தீர்களா? காத்திருந்தவர்கள் எத்தனை நாள் காத்திருந்தீர்கள்? மார்கழிக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. அவள் மூச்சை அடக்காமல் நிற்கும்படி அந்த முழங்காலின் பின்பக்கத்தை நான் எப்படித் தொடுவது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.